எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் எழுத நினைக்கிறேன். திருவொற்றியூர் தேரடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. “எங்க நைனா ஆப்பிரிக்காவைச் சுத்திச் சுத்தி வந்தவரு. ஆனா துறைமுக கேட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. காட்டுல இருக்கிற கொரில்லாவை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இப்ப நான் சம்பாதிக்கிறேன். கூட்டிட்டுப் போகணும். எங்கே ஆரம்பிக்கிறது? எவ்வளவு ஆகும்? அவர் முழங்காலுக்கு முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் மனது நிறைந்துவிட்டது. மகளின் சம்பாத்தியத்தில் தந்தையின் ஆசை நிறைவேறப் போகிறது என்பது ஒரு காரணம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் கப்பல் ஏறிய ஆள் இல்லாத தெரு குறைவு. உலகத்தின் கரையெல்லாம் பார்த்த இவர்களுக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் நாட்டைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது இன்னொரு காரணம். வேறு பல வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கே போவது என்று பார்ப்போம். சினிமாவிலும் புத்தகங்களிலும் நாம் பார்த்த, அடர்ந்த கருமயிர் கொண்ட மலைக் கொரில்லா உலகத்தில் இரண்டே இடங்களில்தான் வாழ்கிறது. ஒன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். மற்றொன்று, அதற்குச் சற்று வடக்கே உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் புவிண்டி மழைக்காடு. 2018இல் வெளியான கணக்குப்படி விருங்காவில் 604. அடுத்து வந்த கணக்கெடுப்பில் புவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ காட்டிலும் 459. மொத்தம் 1,063. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளைவிடக் குறைவு. உலகத்தின் எந்த மிருகக்காட்சி சாலையிலும் இந்த இனம் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் அவை வாழும் மலைக்கே ஏறிப்போக வேண்டும்.

இந்த எண்ணிக்கை நல்ல செய்தி என்பதையும் சொல்ல வேண்டும். 1967இல் டயான் ஃபோஸி என்ற அமெரிக்கப் பெண்மணி ருவாண்டா பக்க மலையில் ஆராய்ச்சி முகாம் அமைத்துத் தங்கினார். 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் சுமார் 250 கொரில்லாக்கள்தான் மிஞ்சியிருந்தன. வேட்டைக்காரர்களை எதிர்த்து நின்ற அவர் 1985 டிசம்பரில் தம் முகாமிலேயே கொலை செய்யப்பட்டார். இந்த இனம் அந்த நூற்றாண்டோடு முடிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். முடியவில்லை, பெருகியது. 2018 நவம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவை மிக ஆபத்தான நிலையில் இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தது. எப்படிப் பெருகியது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பயணத்தின் செலவும் கெடுபிடியும் புரியும்.

மூன்று நாடுகளில் காங்கோ பக்கம் சண்டை ஓயாத இடம். குடும்பத்தோடு போகிறவர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம். ருவாண்டாவில் தலைநகர் கிகாலியிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மலையடிவாரத்தை அடையலாம். ஆனால் ஒரு நாள் பார்ப்பதற்கான பெர்மிட் 2017 முதல் 1,500 டாலர். உகாண்டாவின் புவிண்டியில் 2024 ஜூலை முதல் 800 டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 70,000 ரூபாய். பெர்மிட், விமானம், மலைப்பாதையில் ஓடக்கூடிய வண்டி, தங்கும் இடம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. பெரிய தொகைதான். அதனால்தான் வரிசை தவறாமல் திட்டமிட வேண்டும்.

முதலில் பெர்மிட், பிறகு விமான டிக்கெட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் அங்கே மழை குறைவு. எல்லோரும் அந்த மாதங்களையே கேட்பார்கள். ஆறு மாதம் முன்னதாகவே பெர்மிட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். உகாண்டா வனவிலங்கு ஆணையம்தான் அதைக் கொடுக்கிறது. அங்கே பதிவு பெற்ற பயண நிறுவனங்கள் மூலமாக வாங்கலாம். பெர்மிட் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள். இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல்: இனிஷியல். ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் விரித்தும் பெயர் இருக்கும். பெர்மிட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். காலையில் காட்டு வாசலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

புவிண்டிக்கு நான்கு வாசல்கள் உண்டு. வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, தென்மேற்கே இன்குரிங்கோ. எந்த வாசலுக்குப் பெர்மிட்டோ அந்தப் பக்கத்திலேயே முதல் நாள் இரவு தங்க வேண்டும். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மலையைச் சுற்றிப் போக மணிக்கணக்கில் ஆகும். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ எண்டெபே விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து காட்டுக்கு சாலை வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம். கிகாலியில் இறங்கி எல்லை தாண்டி வந்தால் தெற்கு வாசல்கள் இன்னும் பக்கம். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு. அதற்கு 100 டாலர். கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டுகள் புதியவையாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய வருஷத்து நோட்டுகளை அங்கே வாங்கமாட்டார்கள்.

இனி ஊசி விஷயம். உகாண்டாவுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இது மஞ்சள் காமாலை அல்ல. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவால் பரவும் வேறு நோய். இதற்கான ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நம் பகுதிக்காரர்களுக்கு அதைவிடப் பக்கத்தில், ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். போட்ட பத்து நாளைக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

துறைமுகத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டிலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்த நீல டிரம்மில் முட்டையிட்டு டெங்குவைக் கொண்டுவருகிறதே, அதே கொசுதான். நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்பதால்தான் அரசாங்கம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

கடிதம் எழுதிய வாசகிக்கு இங்கே ஒரு நல்ல சேதி. கப்பலில் போனவர்கள் வீட்டில் இந்தத் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டை, கப்பல் பணியைப் பதிவு செய்யும் சிடிசி புத்தகத்தோடு சேர்ந்து ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும். பத்து வருஷம்தான் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கும். அந்தக் கணக்கு 2016 ஜூலையோடு மாறிவிட்டது. உலக சுகாதார விதிகளின்படி ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும். உங்கள் தந்தையின் அட்டையைத் தேடி எடுங்கள். பெயரும் தேதியும் முத்திரையும் தெளிவாக இருந்தால் துறைமுக சுகாதார அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களுக்குத் தீவிரமான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது ஆகாது. அட்டை இல்லையென்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது முழங்கால். காட்டுக்குள் போட்ட பாதை கிடையாது. புவிண்டி 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை ஏறியிறங்கும் மலை. கால் வைத்தால் இலைச்சருகு வழுக்கும். கைக்குப் பிடி தேடினால் காஞ்சொறி இருக்கும். அதனால்தான் தோட்டவேலைக் கையுறை, முழுக்கைச் சட்டை, கால்சட்டையை உள்ளே செருகிக்கொள்ளும்படி நீளமான சாக்ஸ், நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாம் வேண்டுமென்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு, ஆறு மணி நேரம் நடந்தவர்களும் உண்டு. கொரில்லா நேற்று எங்கே தூங்கியது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் வயதுக்கு மேல் வரம்பு கிடையாது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் விடமாட்டார்கள். காலையில் குழு பிரிக்கும்போதே முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். வாசலிலேயே சுமைதூக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். பையைச் சுமப்பதோடு, ஏற்றத்தில் கை கொடுத்து இழுப்பதும் இறக்கத்தில் பின்னால் பிடித்துக்கொள்வதும் அவர்கள் வேலை. நடக்கவே முடியாதவர்களை நாற்காலிப் பல்லக்கில் தூக்கிப்போகும் ஏற்பாடும் உண்டு. பை இலேசாக இருந்தாலும் ஒரு ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கூலி அந்த மலைக்கிராமத்து வீட்டுக்கு நேராகப் போய்ச் சேரும்.

அந்த நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விடியும்போதே தடம் பார்ப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். கொரில்லா ஒவ்வொரு இரவும் இலைகளையும் கொடிகளையும் வளைத்துப் புதிதாகப் படுக்கை செய்துகொள்ளும். ஒரே படுக்கையில் மறுநாள் படுக்காது. முந்தைய நாள் விட்டுவந்த இடத்திலிருந்து தடம் பிடித்து, புதுப் படுக்கையைக் கண்டு, அங்கிருந்து ஒடிந்த தண்டையும் புது விட்டையையும் தொடர்ந்து போய், குடும்பம் மேயும் இடத்தை வாக்கிடாக்கியில் சொல்வார்கள். அதற்குள் வாசலில் எட்டு எட்டுப் பேராகப் பிரித்து விதிகளைச் சொல்லி முடித்திருப்பார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர். ஒரு மணி நேரம். அவ்வளவுதான். அதற்கு மேல் எத்தனை டாலர் கொடுத்தாலும் ஒன்பதாவது ஆளுக்கு அனுமதி கிடையாது.

இடம் நெருங்கியதும் பை, கைத்தடி, சாப்பாடு எல்லாவற்றையும் சுமையாட்களிடம் விட்டுவிட்டு முகக்கவசம் அணிந்துகொள்ள வேண்டும். பத்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. இருமல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கையில் இரும வேண்டும். செடிகளுக்கு நடுவே முதலில் கேட்பது தண்டு முறிபடும் சத்தம். பிறகு ஒரு கை வெளியே நீளும். காட்டுச் செடியின் தண்டை மடித்து, பட்டையை உரித்து, உள்ளிருக்கும் குருத்தை மெல்லும். விரல் நகம், மணிக்கட்டின் சுருக்கம், முழங்காலில் கை வைத்து உட்காரும் விதம் எல்லாம் நம்முடையவையே. முதுகில் வெள்ளி படர்ந்த பெரிய ஆண் நடுவில் இருக்கும். குட்டிகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கும். அந்த ஆண் எழுந்து மார்பில் அறைந்து முன்னே பாய்ந்தால் ஓடக்கூடாது. தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல் குந்திக்கொண்டால் போதும், அது நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆனதும் வழிகாட்டி கையைக் காட்டுவார். திரும்பிவிட வேண்டும்.

எழுபதாயிரம் ரூபாய் கட்டி, மலையேறி, ஒரே ஒரு மணி நேரமா என்று தோன்றும். இந்தக் கெடுபிடி இல்லையென்றால் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கும் வரும். எதிர்க்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. 1996இல் புவிண்டியின் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு முடி கொட்டிப் புண் வந்தது. உகாண்டாவின் வனவிலங்குத் துறைக்கு முதல் கால்நடை மருத்துவராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா போய்ப் பார்த்தார். சிரங்கு. மனிதர்களிடமிருந்து வந்தது. வயல்களில் சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கட்டியிருந்த பழந்துணிகளைத் தொட்டதால் வந்திருக்கலாம் என்று கருதினார்கள். ஒரு குட்டி இறந்தது. மற்றவை மருந்தால் பிழைத்தன. காட்டோரத்து வீடுகளில் சிரங்கும் காசநோயும் தீராமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்பதை அந்தப் பெண்மணி அன்றே கண்டுகொண்டார். 2003இல் அவர் தொடங்கிய அமைப்பு கொரில்லாவின் உடல்நிலையைக் கவனிப்பதோடு அந்த ஊர் மக்களின் உடல்நிலையையும் சேர்த்தே கவனிக்கிறது.

காட்டைக் காப்பாற்றும் பாடம் இதில் முழுதாக அடங்கியிருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு எல்லை வேண்டும். பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் பங்கு வேண்டும். உகாண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதமும், அது தவிர ஒவ்வொரு கொரில்லாப் பெர்மிட்டிலும் 10 டாலரும் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகின்றன. ருவாண்டாவில் பூங்காச் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் குடிநீரும் வந்திருக்கின்றன. கொரில்லா எல்லை தாண்டி வாழைத்தோட்டத்தில் புகுந்தால் அதை அடிக்காமல் பக்குவமாகக் காட்டுக்குத் திருப்பிவிடுகிறவர்கள் அந்த ஊர்த் தொண்டர்களே.

பங்கு நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் சுற்றுலா நின்றது. வழிகாட்டிக்கும் சுமையாளுக்கும் சமையல்காரருக்கும் ஒரே நாளில் பிழைப்புப் போனது. பசியோடு காட்டுக்குள் கண்ணி வைக்கப் போகிறவர்கள் கூடினார்கள். ஜூன் தொடக்கத்தில் இன்குரிங்கோ குடும்பத்தின் தலைவனான ரஃபிகி என்ற வெள்ளிமுதுகு ஆணைக் காணவில்லை. மறுநாள் அதன் உடல்தான் கிடைத்தது. ஈட்டியால் குத்தப்பட்டிருந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஒருவருக்கு அந்த வழக்கில் 11 வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. பதினேழு பேர் கொண்ட குடும்பம் தலைவனை இழந்தது.

பங்கு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. புவிண்டிக்குள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்தவர்கள் பட்வா மக்கள். 1991இல் அதைத் தேசியப் பூங்காவாக்கியபோது அவர்களை வெளியேற்றினார்கள். நிலமோ தகுந்த ஈடோ பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. இன்றும் காட்டின் விளிம்பில் மிக ஏழைகளாக இருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் அரை நாளையாவது பட்வா மக்கள் தாமே நடத்தும் காட்டுநடைக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மரத்தில் தேன் இருக்கும், எந்த வேர் எதற்கு மருந்து என்று அவர்கள் வாயால் கேட்கலாம். காசு அவர்களுக்கு நேராகப் போகிறதா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பாடத்தை வடசென்னை வாசகர்களிடம் விளக்க வேண்டியதில்லை. எல்லையும் பங்கும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் நுரையீரலே அறியும். ராயபுரத்து மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கரித்தூள் படிந்து கறுத்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2011இல் உயர் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் மூச்சுத் திணறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியபோது, காட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் கொண்டு படகிலிருந்து எண்ணெயை அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆற்றோரத்தில் வாழ்கிறவர்கள்தான் அந்த ஆற்றின் முதல் காவலர்கள். அவர்களுக்குப் பங்கு கொடுக்காத எந்த வளர்ச்சியும் ஆற்றையும் காக்காது, அவர்களையும் காக்காது.

முறை போட்டுக்கொண்டு வாழ்வது நமக்குப் புதிதல்ல. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்ற ஏற்பாடு இருக்கிறது. நல்ல மீன்பாடுள்ள இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட மாட்டார்கள். சீட்டுப் போட்டு, இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை வைத்து இறங்குவார்கள். மீனும் நிலைத்தது, சண்டையும் குறைந்தது. அதே ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் அளவுக்கு மேல் ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் மறக்க முடியாது. புவிண்டியில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை என்று வனக்காவலர் சொல்லும்போது, பாடு அறிந்த ஊர்க்காரர்களுக்கு அதன் நியாயம் உடனே விளங்கும்.

எல்லோராலும் இவ்வளவு செலவு செய்ய முடியாது. அவர்களுக்கும் இரண்டு வழி சொல்கிறேன். கொரில்லாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் மைசூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம். அங்கே பல வருஷம் தனியாக இருந்த போலோ 2014இல் இறந்த பிறகு, 2021இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தன. இவை மலைக் கொரில்லா அல்ல. மேற்கு-மத்திய ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளின் இனம். சென்ட்ரலில் காலையில் வந்தே பாரத் ஏறினால் மதியம் மைசூரில் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காட்டில் சுதந்திரமாகத் திரியும் அரிய குரங்கைப் பார்க்க வேண்டும் என்றால் வால்பாறைக்குப் போங்கள். பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோலைமந்தியின் வீடு. சிங்கவால் குரங்கு என்றும் சொல்கிறோம். கறுத்த உடலும், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த வாலும் கொண்ட இந்த இனம் உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய துண்டுக் காடுகளில் அவை வாழ்கின்றன. புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு இறந்தவை உண்டு. இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் அமைத்தார்கள். சாலைக்கு மேலே தாய் முன்னே போக, குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்க, ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைக் கீழே நின்று பார்க்கலாம். அங்கே நிற்கும் காவலர் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னால் கேளுங்கள். பிஸ்கட்டோ வாழைப்பழமோ வீசாதீர்கள். ஒருமுறை மனிதக் கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்கு சாலையை விட்டுப் போகாது. சாலையில் இருக்கும் குரங்கு நெடுநாள் வாழாது.

தேரடி வாசகிக்கு என் யோசனை இது. அடுத்த ஜூன், ஜூலையைக் குறி வைத்துக்கொண்டு இந்த மாதமே தொடங்குங்கள். முதலில் நைனாவின் மஞ்சள் அட்டையைத் தேடுங்கள், டாக்டரைப் பாருங்கள், பெர்மிட்டை உறுதி செய்யுங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள். அதுவரை இருவரும் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள்; படிக்கட்டு ஏறி இறங்குவது இன்னும் நல்லது. பயண நிறுவனத்திடம் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், உள்ளூர் வழிகாட்டிக்கும் சுமையாளுக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்கள், உள்ளூர்க்காரர்கள் நடத்தும் தங்குமிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிளம்பும் நாளில் இருவரில் யாருக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தாலும், எவ்வளவு செலவழித்திருந்தாலும், அதை மறைக்காமல் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காட்டுக்கு ஒரு விருந்தாளி செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

உங்கள் தந்தை சமையல்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உகாண்டாவில் வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசித்துப் பரிமாறுவார்கள். மட்டோகே என்று பெயர். தெருவோரக் கடையில் முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுப்பார்கள். நூறு வருஷத்துக்கும் முன்பே ரயில் பாதை போடவும் கடை வைக்கவும் போன நம் நாட்டவர்களோடு அங்கே போன சப்பாத்தி அது. அவர் அதை ருசி பார்த்து எழுதினால், இந்தப் பத்திரிகையில் அச்சிட ஆசையாக இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கப்பல் போனவர்கள் இருந்தால், அவர்கள் கரையிலிருந்து பார்த்தும் உள்ளே போக முடியாத ஊர் எது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். எண்ணூர் ஆற்றிலும் பழவேற்காட்டிலும் தொழில் செய்கிறவர்கள், உங்கள் குப்பத்தில் பாடு எப்படி நடக்கிறது, எப்போதிலிருந்து குறைந்தது என்று எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்குகிறோம். தூரத்து மழைக்காட்டில் ஆயிரம் கொரில்லா பிழைத்திருக்கிறது என்றால், அதன் விளிம்பில் வாழ்ந்தவர்களின் பேச்சை யாரோ உட்கார்ந்து கேட்டதும் அதற்கு ஒரு காரணம். நம் விளிம்பில் வாழ்கிறவர்களின் பேச்சைக் கேட்பது இந்தப் பத்திரிகையின் கடமை.

அன்புடன்,
ஆசிரியர்